ஒரே பிரசவம்தான், ஒரே பருவம் அல்ல

எங்கள் இரட்டைப் பெண்களில் மூத்தவள் ஆறாம் வகுப்பு முழுப் பரீட்சை நேரத்தில் வயதுக்கு வந்தாள். இளையவள் வந்தது எட்டாம் வகுப்பில். இடையில் வீட்டுக்கு வந்த பெரியம்மா, சித்தி, அத்தை யாரும் இளையவளிடம் "உனக்கு இன்னும் ஆகலையா?" என்று கேட்காமல் போனதில்லை. அந்தக் கேள்வி அவளை எவ்வளவு வாட்டியது என்று பக்கத்தில் இருந்து பார்த்ததால் இதை எழுதுகிறேன்.

பிள்ளைகள் எந்த வகை இரட்டையர் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்களுக்கு மரபணு ஒன்றே. பெரும்பாலும் சில மாத இடைவெளியில் இருவரும் வயதுக்கு வந்துவிடுவார்கள். இரண்டு கருமுட்டைகளில் உருவானவர்கள் மற்ற அக்கா தங்கைகளைப் போலத்தான். ஓராண்டோ அதற்கு மேலோ முன்பின் ஆகலாம். எங்கள் பெண்கள் இந்த வகை. ஆணும் பெண்ணுமாகப் பிறந்திருந்தால் பெண் முந்துவதே வழக்கம்.

மாதவிடாய் முன்னறிவிப்பு இல்லாமல் வருவதில்லை. "அம்மா, இந்தப் பக்கம் மட்டும் கட்டி மாதிரி இருக்கு, தொட்டா வலிக்குது" என்று மூத்தவள் சொன்னபோது பதறிவிட்டேன். மார்பு வளர்ச்சி ஒரு பக்கம் முதலில் தொடங்குவது இயல்பு என்று மருத்துவர் விளக்கினார். அதிலிருந்து ஏறக்குறைய இரண்டு, இரண்டரை ஆண்டில் முதல் மாதவிடாய் வரும். அதற்குச் சில மாதங்கள் முன்பே வெள்ளைப்படுதல் இருக்கும். ஒவ்வொருத்திக்கும் இந்தக் கணக்கைத் தனித்தனியாகப் பாருங்கள்.

ஆனால் சொல்லிக்கொடுப்பதை இருவருக்கும் ஒரே நாளில் செய்யுங்கள். நாப்கின் வைக்கும் விதம், சுற்றிக் குப்பையில் போடும் விதம் எல்லாம் இருவரையும் உட்காரவைத்துக் காட்டினேன். இருவர் பள்ளிப் பையிலும் ஒரு சின்னப் பை: இரண்டு நாப்கின், ஒரு ஜட்டி, பழைய செய்தித்தாள். இளையவளின் பையில் இருந்தது முதலில் அவள் வகுப்புத் தோழிக்குத்தான் உதவியது.

சடங்கு விஷயத்தில் உறுதியாக இருங்கள். "ரெண்டு பேருக்கும் சேத்தே தண்ணி ஊத்திரலாம், செலவு ஒண்ணோட போகும்" என்றார் என் மாமியார். இளையவளையே கேட்டேன். "எனக்கு ஆகும்போது எனக்குச் செய்ங்கம்மா" என்றாள். "அத்தை, அவ சொல்றபடியே செய்வோம்" என்று முடித்துவிட்டேன். மண்டபம், பிளெக்ஸ் எதுவும் இல்லை. தாய்மாமன் சீரோடு வீட்டளவில் நடந்தது. நல்லெண்ணெயும் உளுந்தங்களியும் மட்டும் இருவருக்கும் கொடுத்தேன். வளரும் உடம்புக்கு வேண்டிய சத்து, வயதுக்கு வந்தவளுக்கு மட்டும் உரியதல்ல. கீரை, முட்டை, பள்ளியில் வாரந்தோறும் தரும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரை எல்லாம் அப்படித்தான்.

உயரத்தை வைத்தும் பேசுவார்கள். முந்தியவள் முதலில் மளமளவென்று வளர்வாள். மாதவிடாய் தொடங்கிய பிறகு பொதுவாக 5 முதல் 7 செ.மீ. வரைதான் கூடும். பிந்தியவளுக்கு வளரும் காலம் இன்னும் மீதியிருக்கிறது. எங்கள் இளையவள் இன்று அக்காவைவிட ஒரு விரல் உயரம்.

ஒருத்தி முந்திவிட்டாள் என்பதற்காக மற்றவளுக்கு ஸ்கேன் எடுக்க ஓட வேண்டாம். பெண்ணுக்கு 8 வயதுக்கு முன்பே மார்பு வளரத் தொடங்கினாலோ, 13 வயதாகியும் தொடங்காவிட்டாலோ, 15 வயதாகியும் மாதவிடாய் வராவிட்டாலோ தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். பையனுக்கு 9 வயதுக்கு முன்பே பருவ மாற்றம் தெரிந்தாலும், 14 வயதாகியும் தெரியாவிட்டாலும் அப்படியே.

உறவினர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேட்டே ஆகவேண்டும் என்றால் தாயைத் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். அந்தப் பிள்ளையிடம் கேட்காதீர்கள்.