கணக்கு நோட்டை அவளிடம் கொடுங்கள்

அன்புள்ள வாசகிக்கு,

மகள் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதி முடித்ததும் அந்தமானுக்குக் கூட்டிப்போக ஆசை, பேக்கேஜ் டூர்காரர்கள் சொல்லும் தொகை கைக்கு எட்டவில்லை, அம்மாவும் மகளும் மட்டும் நாமாகவே போய்வர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். ஏஜென்ட் யாரும் வேண்டாம். ஆனால் திட்டம் போடுகிற வேலையில் பெரும்பங்கை உங்கள் மகளிடம் விட வேண்டும். செலவு குறைவதும் அவளுக்குப் பயணம் பிடித்துப்போவதும் இந்த ஒன்றில்தான் இருக்கின்றன என்பது என் உறுதியான எண்ணம்.

பேக்கேஜில் ஐந்து ராத்திரிக்குள் போர்ட் பிளேர், ராஸ் தீவு, நார்த் பே, பாராடாங், ஹேவ்லாக், நீல் எல்லாவற்றையும் திணித்துவிடுவார்கள். ஏறு, இறங்கு, போட்டோ எடு, மறுபடி ஏறு. ஐம்பது வயதுக்காரர்களுக்கு அது போதுமானதாக இருக்கலாம். பதினைந்து வயதுப் பெண்ணிடம் அங்கே யாரும் எதையும் கேட்பதில்லை. எதையும் முடிவுசெய்ய விடுவதில்லை. இரண்டாம் நாளே காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். எங்கே கூட்டிப்போனாலும் போனைத்தான் பார்க்கிறாள் என்று பெற்றோர் வருந்துவதை நிறையக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகளை நான் குறைசொல்ல மாட்டேன். சும்மா உட்கார வைத்தால் அவர்கள் வேறு என்ன செய்வார்கள்?

முதலில் தேதி. மே மாதம் ஆபீஸில் லீவு சுலபமாகக் கிடைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். மே வேண்டாம். தென்மேற்குப் பருவமழை நம் நாட்டில் முதலில் தொடுவது அந்தமானைத்தான், அதுவும் பெரும்பாலும் மே மூன்றாம் வாரத்திலேயே. மழையும் காற்றும் வந்துவிட்டால் தீவுகளுக்கு இடையிலான படகுகள் நிற்கும், தண்ணீரும் கலங்கிவிடும். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை கடல் அடங்கியிருக்கும். ஏப்ரல் பின்பாதி புழுக்கம்தான், ஆனால் தண்ணீர் தெளிவாக இருக்கும். தேர்வு அட்டவணையை அரசு இப்போதெல்லாம் முந்தைய ஆண்டிலேயே அறிவித்துவிடுகிறது. அறிவித்ததும் சென்னையிலிருந்து போகவர விமான டிக்கெட் எடுத்துவிடுங்கள். இந்தப் பயணத்தில் மிகப் பெரிய செலவு அதுதான். முன்கூட்டியே எடுத்தால் பல ஆயிரம் மிச்சமாகும். பறக்கும் நேரம் இரண்டேகால் மணி. சென்னைத் துறைமுகத்திலிருந்து கப்பலும் உண்டு. பங்க் வகுப்பில் போனால் சில ஆயிரத்தில் முடிந்துவிடும், ஆனால் ஏறக்குறைய மூன்று நாள் பிடிக்கும், தினமும் கிடையாது. ஒரு வார லீவில் அதை நினைக்கவே வேண்டாம்.

தேதி குறிப்பதில் மகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரில் ஏப்ரல் அமாவாசை என்றைக்கு என்று பார்க்கச் சொல்லுங்கள். அமாவாசையை ஒட்டிய நாட்களில் கடல் வழக்கத்தைவிட அதிகமாக ஏறும், அதிகமாக வற்றும். நீல் தீவில் கடல் அரித்து உண்டாக்கிய கல் வளைவு ஒன்று இருக்கிறது. அங்கே குடியேறிய வங்காளிகள் அதை ஹவுரா பாலம் என்பார்கள். கடல் வற்றிய நேரத்தில்தான் அதன் அடிவரை நடந்துபோக முடியும். அப்போது பாறைக் குழிகளில் தேங்கிய தண்ணீரில் கடல் வெள்ளரி, நண்டு, சின்னச் சின்ன மீன்கள் எல்லாம் கண்ணில் படும். நிலா இல்லாத இரவென்றால் இன்னொன்றும் உண்டு. கரையோரம் தண்ணீரைக் கையால் அளைந்தால் நுண்ணுயிர்கள் நீலப் புள்ளிகளாக ஒளிரும். எல்லா இரவும் தெரியும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இருட்டு எவ்வளவுக்கு எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவுக்கு அவ்வளவு வாய்ப்பு அதிகம். கடல் ஏறும், வற்றும் நேர அட்டவணை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. அதை அவளே எடுத்து, எந்த நாள் எந்தக் கரைக்கு எத்தனை மணிக்குப் போவது என்று எழுதட்டும். நிலாவுக்கும் கடலுக்கும் உள்ள உறவைப் பாடப்புத்தகத்தில் படித்தவள், இங்கே அதை வைத்து அம்மாவுக்கு நேரம் சொல்லப்போகிறாள்.

இடங்களைக் குறையுங்கள். இறங்கிய நாள் போர்ட் பிளேரில் ஒரு ராத்திரி, நீலில் இரண்டு, ஹேவ்லாக்கில் மூன்று, திரும்பவும் போர்ட் பிளேரில் ஒன்று. இதற்குமேல் எதையும் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு இடமாற்றமும் படகு, ஆட்டோ, அறை என்று காசைத் தின்னும். பாதி நாளையும் தின்னும். கடைசி ராத்திரியை வெளித்தீவில் வைக்கவே கூடாது. காலைப் படகு ரத்தானால் விமானம் போய்விடும். டிக்கெட்டில் ஊர்ப்பெயரைப் பார்த்துக் குழம்பவும் வேண்டாம். 2018-இல் ஹேவ்லாக் சுவராஜ் த்வீப் ஆனது, நீல் ஷஹீத் த்வீப் ஆனது. 2024-இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. பேச்சில் பழைய பெயர்தான் ஓடுகிறது. மொழியைப் பற்றிய பயமும் தேவையில்லை. போர்ட் பிளேரில் தலைமுறைகளாகத் தமிழர்கள் இருக்கிறார்கள், அபர்டீன் பஜாரில் தமிழ் காதில் விழும், வெற்றிமலை முருகன் கோயிலும் இருக்கிறது.

படகு இரண்டு வகை. தனியார் படகு ஏ.சி. போட்டது, வேகமானது, ஆளுக்கு ஆயிரத்துக்கு மேல் ஆகும். அரசுப் படகு சில நூறு ரூபாய், ஹேவ்லாக்குக்கு ஏறக்குறைய இரண்டரை மணி நேரம். நான் அரசுப் படகையே சொல்வேன், பணத்துக்காக மட்டும் இல்லை. அதில் மேல்தளத்துக்குப் போய்க் காற்றில் நிற்கலாம். பறக்கும் மீன்கள் தண்ணீரை விட்டு எழுந்து சர்ரென்று போவதைப் பார்க்கலாம். கண்ணாடி மூடிய ஏ.சி. அறையில் உட்கார்ந்து வாந்தி எடுப்பதற்கு இது எவ்வளவோ மேல். ஆனால் அரசுப் படகு டிக்கெட் பயணத்துக்குச் சில நாள் முன்புதான் விற்பனைக்கு வரும், சீக்கிரம் தீர்ந்துவிடும். ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் போகிற தீவுக்காரர்களுக்கு அதுதான் பஸ். அவர்களுக்கு இடம் முதலில் போவது நியாயம். கிடைக்காவிட்டால் தனியார் படகில் போக அந்தத் தொகையைத் தனியாக ஒதுக்கி வையுங்கள். வயிறு புரட்டும் என்றால் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு, படகு கிளம்புவதற்கு முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

நீல் சின்னத் தீவு, பெரிய ஏற்றம் இறக்கம் இல்லை. வாடகை சைக்கிள் எடுத்தால் பாரத்பூர், லக்ஷ்மண்பூர், சீதாபூர் கரைகள் எல்லாவற்றுக்கும் மிதித்தே போய்விடலாம். அவளைத் தனியாகவே ஒரு சுற்று போய்வர விடுங்கள். ஹேவ்லாக்கில் ஸ்கூட்டர் கேட்பாள். ஓட்டுவது நீங்கள்தான், பதினைந்து வயதுக்கு லைசென்ஸ் கிடையாது, அதில் பேச்சுக்கே இடம் தரவேண்டாம். ராதாநகர் கரைக்கு ஜெட்டியிலிருந்து அரசு பஸ் போகிறது. 2004-இல் டைம் பத்திரிகை ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று சொன்னது அந்த ராதாநகரைத்தான். அந்தக் கரை லட்சாதிபதிக்கும் நமக்கும் ஒன்றுபோலத்தான். கரையை ஒட்டிய ரிசார்ட்டுகளில் மட்டும் விலை ஏறிக் கிடக்கும். விஜய்நகர் பக்கம் சாதாரண குடில்கள், மூன்றாம் நம்பர் கிராமத்துச் சந்தையில் வங்காளிச் சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. சோறு, பருப்பு, மீன் குழம்பு. பாக்கெட்டில் வரும் தின்பண்டம் எல்லாம் கப்பலேறி வருகிறது, அதனால் விலை அதிகம். முறுக்கு, கடலை மிட்டாயை ஊரிலிருந்தே கொண்டுபோங்கள். ரொக்கமும் வேண்டும். 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் வந்த பிறகு நெட் எவ்வளவோ தேவலை, ஆனாலும் தீவுகளில் அது படுத்துவிடும் நேரமும் உண்டு. படுத்தால் போனில் பணம் போகாது.

ஹேவ்லாக்கில் ஒரு செலவில் மட்டும் கையைச் சுருக்காதீர்கள். கடலுக்குள் மூழ்கிப் பவளப்பாறை பார்க்கும் ஸ்கூபா. முதல்முறை மூழ்குபவர்களுக்கு உத்தேசமாக நாலாயிரத்திலிருந்து ஆறாயிரம் ஆகும். பத்து வயதிலிருந்தே அனுமதி உண்டு, நீச்சல் தெரிந்திருக்க வேண்டியதில்லை, பயிற்சியாளர் கூடவே பிடித்துக்கொண்டு வருவார். பயிற்சியாளரின் சான்றிதழ் என்ன, ஒருவர் எத்தனை பேரைக் கூட்டிப்போகிறார் என்று அவளே கேட்கட்டும். ஒரு பயிற்சியாளருக்கு ஒருவர் என்று சொல்லும் இடத்துக்குப் போங்கள். ஆஸ்துமா, வலிப்பு, காது ஆபரேஷன் இருந்தால் படிவத்தில் மறைக்கக் கூடாது; சளி பிடித்திருந்தால் அன்றைக்கு இறங்கக் கூடாது. மூழ்கிய பிறகு பதினெட்டு மணி நேரமாவது விமானம் ஏறக்கூடாது. அதனால்தான் ஹேவ்லாக்கை நடுவில் வைத்தேன். நீங்களும் இறங்க ஆசைப்பட்டால் காசு இரட்டிப்பாகும்; இறங்காவிட்டாலும் குறையில்லை. மேலே வந்ததும் அவள் சொல்வதைக் கேட்க ஒரு ஆள் வேண்டும்.

மாதவிடாய் நாட்களோடு தேதி மோதுகிறதா என்று அவளோடு வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். டாம்பூனோ மாதவிடாய்க் கப்போ வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கலாம். புதிதாகப் பழகுவதாக இருந்தால் வீட்டிலேயே இரண்டு மூன்று மாதம் முன்பு பழகட்டும். தண்ணீரில் என்ன உடுத்துவது, எந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு அனுப்புவது என்பதை அவள் முடிவுக்கு விடுங்கள். தூக்கமும் அப்படித்தான். அந்தமான் நமக்குக் கிழக்கே வெகுதூரம் இருந்தும் கடிகாரம் ஒன்றுதான். ஐந்து மணிக்கே விடிந்து, ஐந்தரை மணி சுமாருக்கு இருட்டிவிடும். இந்த வயதில் உடம்பே தாமதமாகத் தூங்கித் தாமதமாக எழத்தான் கேட்கும். ஒரு நாள் விடியற்காலை கிளம்பினால் மறுநாள் அவள் இஷ்டத்துக்குத் தூங்கட்டும், நீங்கள் தனியாகக் கரையில் நடந்துவிட்டு வாருங்கள்.

பாராடாங் வேண்டாம் என்று ஏன் விட்டேன் என்றும் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்புக் குகைக்கும் மண் எரிமலைக்கும் சாலை வழியாகப் போகும் வண்டிகள் ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசைகட்டி, ஜாரவா பழங்குடியினரின் காட்டை ஊடுருவிப் போகின்றன. அவர்கள் மொத்தமே சில நூறு பேர். அந்தக் காட்டுக்குள் செல்லும் சாலையை மூட 2002-இல் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது; வண்டிகள் இன்றும் போகின்றன. சுற்றுலாப் பயணிகளுக்காக ஜாரவாப் பெண்களை ஆடவைத்த வீடியோ 2012-இல் வெளியானபோது உலகமே கண்டித்தது. குகையைப் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டு மனிதர்களைப் பார்க்கப் போகும் அந்த வரிசையில் உங்கள் வண்டியும் நிற்க வேண்டாம். இதையெல்லாம் மகளிடம் சொல்லி, அவள் என்ன நினைக்கிறாள் என்று கேளுங்கள். இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நியாய உணர்ச்சி கூர்மையாக இருக்கும்.

போர்ட் பிளேரில் செல்லுலார் சிறையை அவசரமாகப் பார்க்காதீர்கள். 1896-இல் கட்டத் தொடங்கி 1906-இல் முடித்தார்கள். ஏழு சிறகுகளில் இன்று மிஞ்சியிருப்பது மூன்று. ஒரு சிறகின் முன்புறம் அடுத்த சிறகின் முதுகைப் பார்த்தபடி இருக்கும், கைதிகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே கூடாது என்பதற்காக. அதை அவளே கட்டடத்தில் கண்டுபிடிக்கட்டும். நீங்கள் சொல்லிவிடாதீர்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். சில கரைகளிலும் கழிமுகங்களிலும் உப்புநீர் முதலை உண்டு. 2010-இல் ராதாநகருக்குப் பக்கத்திலேயே ஒரு பயணி இறந்திருக்கிறார். எச்சரிக்கைப் பலகை வைத்த இடத்தில் காலை நனைக்கக்கூட வேண்டாம். இன்னொன்று, கரையில் கிடக்கும் பவளத் துண்டையோ சங்கையோ பையில் போட்டுக்கொண்டு வரக்கூடாது. பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது, விமான நிலையத்தில் பையைத் திறந்து எடுத்துவிடுவார்கள்.

என் கணக்குப்படி, முன்கூட்டியே எடுத்த விமான டிக்கெட்டோடு சேர்த்து இருவருக்கும் அறுபதிலிருந்து எழுபதாயிரத்துக்குள் முடித்துவிடலாம். விமானக் காசை நீங்கள் கட்டிவிடுங்கள். மிச்சத் தொகையை ஒரு நோட்டில் எழுதி அவளிடம் கொடுங்கள். அறை, படகு, சாப்பாடு, சைக்கிள், ஸ்கூபா எல்லாம் அவள் பங்கிடட்டும். ஒருநாள் ரெஸ்டாரெண்டில் இறால் சாப்பிட்டால் மறுநாள் பருப்புச் சோறு என்று அவளே வந்து உங்களிடம் சொல்வாள். கணக்கு கொஞ்சம் இடித்தாலும் திருத்தாதீர்கள்; ஐயாயிரம் ரூபாயை அவளுக்குத் தெரியாமல் அவசரத்துக்கு என்று உங்கள் பர்ஸில் வைத்துக்கொண்டால் போதும்.

ஆண்துணை இல்லாமல் இரண்டு பொம்பளைங்க அவ்வளவு தூரமா என்று உங்கள் மாமியார் கேட்டதாக எழுதியிருந்தீர்கள். பெண்கள் தனியாகப் போய்வரத் தோதான இடங்களில் அந்தமானும் ஒன்று என்று அவரிடம் சொல்லுங்கள். அறை முகவரிகளையும் படகு நேரங்களையும் மகள் கையெழுத்திலேயே ஒரு தாளில் எழுதி அவரிடம் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்ததும் செலவுக் கணக்கை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். அடுத்து இதே கேள்வியோடு எழுதுகிறவர்களுக்கு அவள் கணக்கையே அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் பயணப் பக்க எழுத்தாளர்