ஐப்பசிக்கு முன் மொட்டை மாடி: மேலே பூசினால் போதுமா, பெயர்த்துப் போட வேண்டுமா?

ஆவணி, புரட்டாசிக்கான ஆலோசனை: அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டார வீட்டுக்காரர்களுக்கு

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20ஐ ஒட்டித் தொடங்கும். ஆவணி முதல் தேதியிலிருந்து எண்ணினால் கையில் இருப்பது ஒன்பது வாரம். இந்த இரண்டு மாதங்களிலும் சாயங்கால இடிமழை வந்து போகும் என்பதால், மாடியில் தடையில்லாமல் வேலை நடக்கும் நாட்கள் அதைவிடக் குறைவு. ஆனால் பலரும் கொத்தனாரைத் தேடுவது ஐப்பசியில், முதல் அடைமழை படுக்கையறைக்குள் சொட்டிய பிறகுதான். அப்போது ஈரத்தின் மேல் எதைப் பூசினாலும் பிடிக்காது. முடிவெடுக்க வேண்டிய நேரம் இது.

ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும் அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் வந்த 1960களுக்குப் பிறகு, அங்கே வேலை பார்த்தவர்கள் மனை வாங்கி, கடன் வாங்கிக் கட்டிய வீடுகள் கொரட்டூரிலிருந்து பட்டாபிராம் வரை நிறைந்திருக்கின்றன. அவற்றில் பல மாடிகளுக்கு இப்போது முப்பது, நாற்பது வயது. பல குடும்பங்களுக்கு வாழ்நாள் சேமிப்பே அந்த வீடுதான். தேவையில்லாத செலவில் அந்தக் குடும்பங்கள் மாட்டிக்கொள்ளவும் கூடாது. தேவையான செலவைத் தள்ளிப்போட்டுக் கூரையையே இழக்கவும் கூடாது.

அதற்கு ஒரே வழிதான் உண்டு. முடிவை அடியிலிருந்து எடுங்கள். முதலில் கான்கிரீட், அடுத்து சுருக்கி, கடைசியில் தட்டோடு. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, கடையில் விற்கும் பூச்சிலிருந்து தொடங்குகிறவர்கள்தான் இரண்டு முறை செலவு செய்கிறார்கள்.

உங்கள் மாடியில் என்ன இருக்கிறது?

அடியில் இருப்பது கம்பி கட்டிய கான்கிரீட். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்ட சுருக்கி, சராசரியாக மூன்று அங்குலம். வெயிலைத் தடுப்பதும், தண்ணீர் ஓட வாட்டம் கொடுப்பதும் இதன் வேலை. அதற்கும் மேலே தட்டோடு. பொதுப்பணித் துறையின் பழைய அளவு இது: 32 பங்கு செங்கல் ஜல்லிக்கு 12½ பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மணல் கிடையாது, ஓடு பதிக்கும் 1:3 சிமெண்ட் கலவையில் சிமெண்ட் எடைக்கு 5 சதவீதம் கச்சா எண்ணெய். முறையாகப் போட்ட சுருக்கி பல பத்தாண்டுகள் உழைக்கும். பெரும்பாலும் முதலில் கெடுவது ஓட்டு இடுக்கும், கைப்பிடிச்சுவர் ஓரமும், மழைநீர்க் குழாயின் வாயும்தான்.

இந்த வாரமே செய்ய வேண்டிய நான்கு சோதனைகள்

1. உள்ளே நின்று மேலே பாருங்கள். வெறும் மஞ்சள் கறையும் வெள்ளைப் பூப்பும் என்றால் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பொருள். கம்பி போகும் கோட்டிலேயே விரிசல், துருக்கறை, காரை உப்புதல், கம்பி வெளியே தெரிதல் என்றால் நிலைமை வேறு. துருப்பிடித்த இரும்பு தன் பருமனில் இரண்டு மடங்குக்கு மேல் உப்பும். அந்த அழுத்தத்தில் கான்கிரீட் பிளந்து விழும். பால்கனி, சன்ஷேடு ஆகியவற்றின் அடிப்பக்கத்தையும் விடாமல் பாருங்கள். இன்னொன்று: பங்குனி, சித்திரை வெயிலிலும் கறை ஈரமாகவே இருந்ததா? அப்படியானால் காரணம் மழை இல்லை. மேல்நிலைத் தொட்டி, குழாய் இணைப்பு, மேல்மாடிக் குளியலறை ஆகியவற்றைச் சோதித்த பிறகே மாடியைத் தொடுங்கள்.

2. தட்டிக் கேளுங்கள். சிறிய சுத்தியலால் ஒவ்வொரு தட்டோட்டையும் மெல்லத் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் பிடிப்பு இருக்கிறது. பொள்ளென்ற சத்தம் வந்தால் ஓடு கலவையை விட்டுவிட்டது. அந்த ஓடுகளில் சாக்பீஸால் குறியிட்டு மாடி முழுவதையும் ஒரு படம் எடுத்து வையுங்கள். கொத்தனாரிடம் பேசும்போது இந்தப் படம் உங்களுக்குத் துணை நிற்கும்.

3. தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். சில வாளித் தண்ணீரை உயரமான பக்கத்திலிருந்து விடுங்கள். அல்லது ஒரு சாயங்கால மழை நின்றதும் ஏறிப் பாருங்கள். மறுநாளும் குளமாக நிற்கும் இடங்கள் வாட்டம் போன இடங்கள். பத்து அடிக்கு ஒன்றேகால் அங்குலத்திலிருந்து இரண்டு அங்குலம் வரை சரிவு வேண்டும். கம்பி தெரியும் பழைய கூரையில் குழாயை அடைத்துத் தண்ணீர் தேக்கிச் சோதிக்க வேண்டாம். அந்தப் பாரமே ஆபத்து.

4. பாலித்தீன் ஒட்டுங்கள். ஒன்றரை அடிச் சதுரப் பாலித்தீன் தாளின் நான்கு ஓரத்தையும் டேப்பால் தரையோடு ஒட்டி, ஒரு நாள் விட்டு எடுங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் சுருக்கிக்குள் ஈரம் தங்கியிருக்கிறது. அது காயாமல் மேலே பூசினால், வெயிலில் ஆவி கிளம்பிப் பூச்சு கொப்புளமாக எழும்பி உரியும்.

எந்த நிலைக்கு எந்த வேலை?

பூச்சு போதும்: கூரையின் அடிப்பக்கம் நன்றாக இருக்கிறது, ஓடுகள் கெட்டியாக ஒலிக்கின்றன, தண்ணீர் ஓடிவிடுகிறது, பழுது மயிரிழை விரிசலிலும் ஓட்டு இடுக்கிலும் மட்டும்தான் என்றால் இதுவே சரி. பாசியை இரும்பு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவிக் காயவிடுங்கள். விரிசலைச் சற்று அகலப்படுத்தி அடையுங்கள். இழுவிசை தாங்கும் அக்ரிலிக் பூச்சை இரண்டு கோட், நடுவே ஃபைபர் வலை வைத்துப் பூசுங்கள். கைப்பிடிச்சுவர் மேலும் ஓர் அடி உயரத்துக்குப் பூச்சு ஏற வேண்டும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும் என்பதை இப்போதே கணக்கில் வையுங்கள்.

பகுதி பெயர்ப்பு: பொள்ளொலி கால்வாசிக்குக் குறைவாகவும் ஒரே பக்கமாகவும் இருந்தால், அந்த இடத்தை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்து, சுருக்கி கெட்டியாக இருந்தால் ஓட்டை மட்டும் மாற்றுங்கள். பிறகு மாடி முழுவதுக்கும் பூச்சு.

முழுப் பெயர்ப்பு: மாடி எங்கும் பொள்ளொலி, பல இடங்களில் குளம், கையால் எடுத்தால் உதிரும் சுருக்கி, ஏற்கெனவே இரண்டு மூன்று முறை பூசியும் நிற்காத ஒழுகல். இவற்றில் இரண்டு சேர்ந்திருந்தால் பூச்சுக்குப் பணம் போடாதீர்கள். பூச்சு வாட்டத்தைத் திருத்தாது. விட்டுப்போன ஓட்டையும் பிடித்து வைக்காது.

கான்கிரீட்டே கெட்டிருந்தால்: கம்பி தெரிந்தால் கொத்தனாரோடு நிறுத்தாமல் கட்டடப் பொறியாளரை அழையுங்கள். துருவை நீக்கிக் கம்பியைப் பலப்படுத்துவதா, கூரையை மாற்றுவதா என்பதை அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதுவரை அந்த அறையில் குழந்தைகளையும் பெரியவர்களையும் படுக்க வைக்காதீர்கள்.

பழைய ஓட்டின் மேலேயே இன்னொரு தளமா?

இந்த யோசனையை உங்களிடம் நிச்சயம் சொல்வார்கள். பெயர்க்கும் கூலி மிச்சம், இடிபாடு அள்ளும் செலவு மிச்சம் என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று அங்குலச் சுருக்கி சதுர அடிக்கு ஏறக்குறைய 13 கிலோ. ஆயிரம் சதுர அடி மாடியில் அது 13 டன். நாற்பது வயதுக் கூரையின் மேல் அந்தப் பாரத்தைப் புதிதாக ஏற்றுகிறீர்கள். அடியில் தங்கிய ஈரத்தையும் உள்ளேயே பூட்டி வைக்கிறீர்கள். கைப்பிடிச்சுவரின் உயரமும் மூன்று அங்குலம் குறையும். பொள்ளென்று ஒலிக்கும் ஓட்டின் மேல் வெள்ளைக் கூலிங் டைல்ஸ் ஒட்டுவதும் இதே தவறுதான். டைல்ஸ் வேண்டுமென்றால், அடித்தளம் கெட்டியான பிறகு ஒட்டுங்கள்.

பெயர்ப்பதென்று முடிவானால்

வேலையைப் பகுதி பகுதியாக நடத்துங்கள். காலையில் பெயர்த்த இடம் மாலைக்குள் தார்ப்பாயால் மூடப்பட வேண்டும். உளியும் சுத்தியலும் போதும். கனமான பிரேக்கர் கான்கிரீட்டையும் அதிர வைக்கும். இடிபாட்டைக் கூரையின் நடுவில் குவிக்காமல் அன்றன்றே இறக்குங்கள். அதை ஏரிக்கரையிலோ மழைநீர் வடிகாலிலோ கொட்டாதீர்கள். கொரட்டூர் ஏரியும் பருத்திப்பட்டு ஏரியும் நிரம்பும்போது அடைபட்ட வடிகாலுக்கான விலையை நம் தெருவே கொடுக்கும்.

கான்கிரீட் வெளியே தெரிந்ததும் கழுவி, விரிசலை அடைத்து, நீர்த்தடுப்புப் பூச்சு கொடுங்கள். இந்த வாய்ப்பு மறுபடி பல ஆண்டுகளுக்குக் கிடைக்காது. செங்கல் ஜல்லியை முதலில் நன்றாக ஊறவைக்க வேண்டும்; காய்ந்த ஜல்லி கலவையின் ஈரத்தைக் குடித்துவிடும். சுண்ணாம்புக்குப் பதில் சிமெண்ட் போட்டால் சீக்கிரம் இறுகும். ஆனால் சுருங்கி வெடிக்கும் வாய்ப்பும் அதிகம். சுண்ணாம்பு மெதுவாக இறுகினாலும் கூரையின் அசைவுக்கு ஈடுகொடுக்கும். எதைப் போட்டாலும் மரக்கட்டையால் கெட்டிப்பட அடித்து, குறைந்தது ஒரு வாரம் ஈரம் காயாமல் தண்ணீர் விட வேண்டும். வாட்டத்தைக் கண்ணால் பார்த்து ஒப்புக்கொள்ளாதீர்கள். டியூப் லெவல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கைப்பிடிச்சுவரும் தளமும் சேரும் மூலையைச் செங்கோணமாக விடாமல் வளைவாகப் பூசச் சொல்லுங்கள். ஒழுகல் பெரும்பாலும் அந்த மூலையில்தான் தொடங்குகிறது.

சதுர அடிக் கூலி பேசும்போது பெயர்த்தல், இடிபாடு இறக்குதல், ஓரப் பூச்சு, குழாய் வாய், க்யூரிங் எல்லாம் சேர்த்தியா என்று எழுதி வாங்குங்கள்.

குழாயை எண்ணுங்கள்

ஒரு செ.மீ. மழை பெய்தால் ஆயிரம் சதுர அடி மாடியில் சுமார் 930 லிட்டர் விழும். 2015 டிசம்பர் 1 அன்று தொடங்கிய மழையில் செம்பரம்பாக்கத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 47 செ.மீ. பதிவானது. அதே அளவு உங்கள் மாடியில் பெய்தால் 43,000 லிட்டரைத் தாண்டும். மணிக்கு 10 செ.மீ. கொட்டும் மழையில் நான்கு அங்குலக் குழாய் ஒன்று சுமார் 40 சதுர மீட்டருக்கு, அதாவது 430 சதுர அடிக்குத்தான் ஈடுகொடுக்கும். ஆயிரம் சதுர அடிக்கு ஒற்றைக் குழாய் இருந்தால், எவ்வளவு நல்ல தளம் போட்டாலும் தண்ணீர் தேங்கும். மூன்று குழாயாக்குங்கள். வாயில் வலை மூடி போடுங்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பெரும்பாலான வீடுகளில் தொட்டி இருக்கும்; அதன் ஜல்லியையும் மணலையும் இப்போதே எடுத்துக் கழுவுங்கள். புதிய பூச்சுக்குப் பிறகு வரும் முதல் மழைத் தண்ணீரைக் கிணற்றுக்குள் விட வேண்டாம்.

சுவர் இடுக்கில் முளைத்த அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் வேரோடு எடுங்கள். மேலே கிள்ளினால் வேர் இன்னும் தடிக்கும். சூரிய மின்தகடு பொருத்தும் எண்ணம் இருந்தால் மாடி வேலை முதலில், தாங்கி அதன் பிறகு. தாங்கிக்காகத் துளை போட்ட ஒவ்வோர் இடத்தையும் அடைத்துவிட்டார்களா என்று நீங்களே பாருங்கள்.

நாட்கணக்கு

ஆவணி முதல் பாதி: நான்கு சோதனை, முடிவு, கூலிப் பேச்சு.

ஆவணி இரண்டாம் பாதி: முழுப் பெயர்ப்பைத் தொடங்கக் கடைசி நேரம். பெயர்ப்பு, தளம், க்யூரிங் எல்லாம் சேர்த்து மூன்று வாரம் வையுங்கள்.

புரட்டாசி நடுப்பகுதி, அதாவது அக்டோபர் தொடக்கம்: சுருக்கி வேலை முடிந்திருக்க வேண்டும். இதற்குப் பிறகு எந்தக் காரணத்துக்காகவும் தளத்தை உடைக்காதீர்கள். பூச்சு வேலை மட்டும், சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் முன்னறிவிப்பைப் பார்த்து, இரண்டு மூன்று நாள் வெயில் உறுதியானால் நடக்கட்டும்.

காலம் தப்பியவர்கள்: விட்டுப்போன ஓடுகளின் இடுக்கை அடைத்து, ஒழுகும் பகுதியைத் தார்ப்பாயால் மூடி, குழாய் வாயைத் தினமும் சுத்தம் செய்து இந்தப் பருவத்தைக் கடத்துங்கள். பெயர்ப்பு வேலையைத் தை, மாசிக்கு வையுங்கள். பாதி பெயர்த்த மாடியோடு ஐப்பசியில் மாட்டிக்கொள்வதைவிட, பழைய மாடியோடு நான்கு மாதம் தாக்குப்பிடிப்பது பாதுகாப்பானது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள்: மொட்டை மாடி பத்திரத்தில் பொதுவிடம் என்றிருந்தால், அதன் பழுது எல்லோருடைய செலவு. சொட்டுவது மேல்தளத்து வீட்டில் என்பதால் அவர்களை மட்டும் தனியே விட்டுவிடாதீர்கள். இன்று அவர்கள் கூரையில் இறங்கும் தண்ணீர், கம்பி வழியாகவும் சுவர் வழியாகவும் கீழ்வீடுகளையும் தேடி வரும். இந்த மாதக் கூட்டத்திலேயே பேசி, சுத்தியலோடு எல்லோரும் சேர்ந்து மேலே ஏறுங்கள்.