வாங்கெல் எஞ்சினைத் தாங்கும் போல்ட்டுகள்: எதைத் தேர்வது?

அமெரிக்காவில் தனிநபர்கள் தாமே கட்டிக்கொள்ளும் சிறு விமானங்கள் சிலவற்றில் மாஸ்டா ஆர்எக்ஸ்-7 காரின் 13பி எஞ்சின், அதாவது பிஸ்டன்களுக்குப் பதிலாக முக்கோண வடிவச் சுழலிகள் இரண்டைக் கொண்ட 1,308 கன சென்டிமீட்டர் வாங்கெல் எஞ்சின், பொருத்தப்படுகிறது. காரில் எடையையும் முறுக்குவிசையையும் மட்டுமே பெரிதும் ஏற்றிருந்த இணைப்புகள், விமானத்தில் புரொப்பெல்லரின் இழுப்பையும், மூக்கு திரும்பும்போது சுழலும் புரொப்பெல்லர் எதிர்த்துத் தரும் கைரோ விசையையும் சேர்த்துத் தாங்க வேண்டும். வேகம் குறைக்கும் பற்சக்கரப் பெட்டி 2.85-க்கு 1 என்ற விகிதத்தில் இருந்தால், எஞ்சின் தரும் 180 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை புரொப்பெல்லர் அச்சில் 513 ஆகப் பெருகுகிறது. கணக்கில் கொள்ள வேண்டியது பெருகிய அளவே.

தேர்வுக்கு வருபவை பெரும்பாலும் மூன்று: விமானத்துக்கென்றே தயாராகும் ஏஎன் போல்ட், கார்ச் சந்தையில் கிடைக்கும் எஸ்ஏஇ 8-ஆம் தரம், மெட்ரிக் 10.9 அல்லது 12.9 தரம். இழுத்து அறுக்கத் தேவையான தகைவு ஏஎன் போல்ட்டுக்கு 862 மெகாபாஸ்கல், 8-ஆம் தரத்துக்கு 1,034, 12.9-க்கு 1,200-க்கும் மேல் என்பதால், கடைசியதே சிறந்தது என்ற எண்ணம் எளிதில் தோன்றுகிறது, அது தவறு. 3/8 அங்குல ஏஎன்6 போல்ட் ஒன்றே குறுக்காக வெட்டும் விசையில் ஏறத்தாழ 3,750 கிலோ வரை தாங்கும். 150 கிலோ எஞ்சின் 3.8 மடங்கு ஈர்ப்புச் சுமையில் இருக்க, அதன்மேல் 1.5 பாதுகாப்புக் காரணியையும் பெருக்கினால்கூட மொத்தச் சுமை 855 கிலோவே. ஆகவே போல்ட் முறிவதற்குக் காரணம் பெரும்பாலும் வலுக்குறைவு அன்று. இறுக்கம் தளர்ந்து, அதிர்வால் மீண்டும் மீண்டும் வளைந்து, நுண்விரிசல் வளரும் உலோகக் களைப்பே.

இங்குதான் ஏஎன் போல்ட் மேம்படுகிறது. அதன் மரையற்ற தண்டு துளையில் நெருக்கமாகப் பொருந்துவதோடு, நீளங்கள் 1/8 அங்குலப் படிகளில் கிடைப்பதால், போல்ட்டின் மிகப் பலவீனமான பகுதியாகிய மரையை வெட்டுவிசை விழும் இடத்துக்கு வெளியே நிறுத்த முடிகிறது. கடினம் மிகுந்த 12.9 போல்ட்டோ, மின்முலாம் பூசும்போது உட்புகும் ஹைட்ரஜனால் நொறுங்கும் அபாயம் கொண்டது. எந்தப் போல்ட்டானாலும் நீண்ட இடைக்குழாய் வழியே செல்லும்போது வளைவை ஏற்கும். தகடுகள் ஒன்றோடொன்று அழுந்தும்படி அமைப்பது, தரத்தை உயர்த்துவதைவிடப் பயனுள்ளது. 121 டிகிரி செல்சியஸுக்கு மேல் தாங்காத நைலான் வளைய நட்டுகள் எஞ்சின் பக்கம் வரவே கூடாது. முழு உலோகப் பூட்டு நட்டோ, காட்டர் பின் செருகிய நட்டோ வேண்டும்.

எனவே எஞ்சினைத் தாங்கும் சட்டம் விமானத்தின் தீத்தடுப்புச் சுவரோடு சேரும் இடங்களில் ஏஎன்6, எஞ்சின் வார்ப்பின் மெட்ரிக் மரைகளில் 10.9 என்று அமைத்துக்கொள்வது நல்லது. அலுமினியப் பகுதிகளில் மரை பிடிக்கும் ஆழம் போல்ட் விட்டத்தைப் போல் இருமடங்கு இருக்கட்டும். 12.9 எங்கும் வேண்டாம். முதல் சில மணி நேரப் பறத்தலுக்குப் பின் ஒவ்வொரு போல்ட்டின் இறுக்கத்தையும் கட்டுநர் தம் கையாலேயே மீண்டும் சோதிக்க வேண்டும்.