பழைய கணினியும் புதிய இயங்குதளமும்



கருவி தேய்ந்து பயனற்றுப் போவது ஒன்று. கருவி நன்றாயிருந்தும் அதனை இயக்கும் முறை காலங்கடந்து போவது வேறொன்று. இவ்விரண்டையும் பிரித்தறியாமல் நல்ல கருவியை மூலையில் போட்டுவிடுவோரே மிகுதி. இன்று பல இல்லங்களில் கணினிக்கு நேர்ந்திருப்பதும் இதுவே. மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடித்துக்கொண்டது. அதற்கடுத்த விண்டோஸ் 11, பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. ஆதலின், திரையும் விசைப்பலகையும் பழுதின்றி இருக்கும் கணினியும் ‘இனி உதவாது’ என ஒதுக்கப்படுகிறது. புதிது வாங்கப் பல நூறு வெள்ளி வேண்டும். வியர்வை சிந்தி ஈட்டிய பொருளைச் செலவிடுமுன் வேறு வழி உண்டா என ஆராய்வது அறிவுடைமையாகும். வழி உண்டு. அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இயங்குதளம் என்பது யாது?

தோட்டத்தில் விடியற்காலையில் நடைபெறும் பெரட்டை நம் பெரியோர் நன்கறிவர். கங்காணியார் ஆட்களைக் கணக்கெடுத்து, இன்னார்க்கு இன்ன நிரை என்று பிரித்துக் கொடுப்பார். மரமும் ஆளும் இருந்தாலும், பிரித்துக் கொடுப்பவர் இல்லையேல் வேலை ஒழுங்காக நடவாது. கணினியிலும் அவ்வாறே. செயலி, நினைவகம், வன்தட்டு, திரை ஆகியவை தனித்தனி உறுப்புகள். எந்தப் பணிக்கு எவ்வளவு நினைவகம் தருவது, எதனை முதலில் செய்வது, எழுதியதை எங்கே சேமிப்பது என வகுத்து நடத்தும் மென்பொருளே இயங்குதளம். கங்காணியார் மாறினால் மரங்கள் மாறுவதில்லை. அதுபோலவே இயங்குதளத்தை மாற்றினாலும் கணினி அதே கணினிதான்.

திறமூலம்

பலகாரத்தை விற்பவர் சிலர் அதன் பக்குவத்தைச் சொல்லமாட்டார். வேறு சிலரோ பக்குவத்தையும் சொல்லி, ‘நீங்களும் செய்யுங்கள், பிறர்க்கும் கொடுங்கள்’ என்பர். மென்பொருளின் பக்குவம் அதன் மூலநிரல். அதனை எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை தருவதே திறமூல மென்பொருள்.

அமெரிக்காவில் ரிச்சர்ட் ஸ்டால்மன் என்பார், அனைவர்க்கும் உரிமையுள்ள ஓர் இயங்குதளத்தை உருவாக்கும் குனூ திட்டத்தை 1983ஆம் ஆண்டில் அறிவித்தார். பின்லாந்தின் எல்சிங்கி பல்கலைக்கழகத்தில் பயின்ற லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர், தம் வீட்டுக் கணினியில் பொழுதுபோக்காக எழுதத் தொடங்கிய நிரலைப் பற்றி 1991 ஆகஸ்டு 25ஆம் நாள் பிறர்க்குத் தெரிவித்தார். அதுவே லினக்ஸ். 1992ஆம் ஆண்டில் அவர் அதனைக் குனூவின் பொது உரிமத்தின்கீழ் வெளியிட்டார். உலகெங்குமுள்ள வல்லுநர்கள் அதனை வளர்த்தனர். இன்று ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இயங்குவது லினக்ஸ் கருவே. 2017 நவம்பர் முதல், உலகின் விரைவுமிக்க 500 மீக்கணினிகளின் பட்டியலில் உள்ள அனைத்தும் லினக்ஸில் இயங்குகின்றன. மாணவர் ஒருவரின் வீட்டுச் சோதனை இத்துணைப் பெரிதாக வளர்ந்ததை எண்ணிப் பாருங்கள்!

லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு பல வழங்கல்கள் தோன்றியுள்ளன. டெபியன் 1993ஆம் ஆண்டிலும், உபுண்டு 2004ஆம் ஆண்டிலும், லினக்ஸ் மின்ட் 2006ஆம் ஆண்டிலும் தொடங்கின. விண்டோஸில் பழகியவர்க்கு மின்ட் எளிது. அதற்கு 2 ஜிகாபைட் நினைவகமே போதும் எனினும், 4 இருப்பின் நன்று. வன்தட்டில் 20 ஜிகாபைட் இடமாவது வேண்டும்.

அழிக்காமல் சோதிக்கும் முறை

‘சோதனை செய்யப்போய் உள்ளதும் அழிந்துவிட்டால்?’ என்னும் அச்சம் இயல்பே. குடும்பப் படங்களும் பிள்ளைகளின் பாடங்களும் அதில் இருக்கலாம். ஆனால், வன்தட்டில் எதனையும் நிறுவாமலே லினக்ஸை இயக்கிப் பார்க்க முடியும். அம்முறை வருமாறு:

1. முதலில், தேவையான கோப்புகளை வேறொரு தட்டில் படியெடுத்து வையுங்கள்.

2. 8 ஜிகாபைட் அளவுள்ள பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ளவை அழிந்துவிடும், ஆகவே வெறுமையானதாக இருக்கட்டும்.

3. வழங்கலின் அதிகாரப்பூர்வ இணையத்தளத்திலிருந்தே அதன் ஐஎஸ்ஓ கோப்பைப் பதிவிறக்குங்கள். ரூபஸ், எட்சர் போன்ற இலவச மென்பொருளால் அதனைப் பென் டிரைவில் எழுதுங்கள். வெறுமனே படியெடுத்து ஒட்டினால் பயன்படாது.

4. கணினியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, மீண்டும் இயக்குங்கள். உடனே எஃப்12, எஃப்2, எஸ்கேப் போன்ற விசைகளுள் ஒன்றை அழுத்தினால் தொடக்கப் பட்டியல் தோன்றும். விசை நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். அப்பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

5. சிறிது நேரத்தில் புதிய இயங்குதளம் திரையில் தோன்றும். இணைய இணைப்பு, ஒலி, ஒளிப்படக்கருவி, அச்சுப்பொறி ஆகியவை செயற்படுகின்றனவா என ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

பென் டிரைவிலிருந்து இயங்குவதால் வேகம் சற்றுக் குறைவாகவே இருக்கும். வன்தட்டிலுள்ள கோப்புகளை நாமே திறந்து மாற்றினாலன்றி அவை அவ்வாறே இருக்கும். கணினியை அணைத்துப் பென் டிரைவை எடுத்துவிட்டால் பழைய இயங்குதளம் மீண்டும் தோன்றும். பல நாள் இவ்வாறு பழகி, மனநிறைவு ஏற்பட்ட பின்னரே நிறுவுவது நன்று.

நிறுவும்போது ஒரு படியில் மிகுந்த விழிப்பு வேண்டும். ‘வட்டு முழுவதையும் அழித்து நிறுவுக’ என்னும் தெரிவை ஏற்றால் பழையவை யாவும் போய்விடும். பழைய இயங்குதளத்தின் அருகிலேயே புதியதையும் வைத்துக்கொள்ளும் தெரிவும் உண்டு. மாணவர்கள் இப்பணியைப் பெரியவர் உடனிருக்கவே செய்தல் வேண்டும். இரவல் பெற்ற கணினியில் இச்சோதனை கூடவே கூடாது.

பயனும் குறையும்

கடிதம், கணக்கு, கட்டுரை எழுத லிபர் ஆபிஸ் உண்டு. சிறுவர்க்கு எண்ணும் எழுத்தும் பயிற்றும் ஜீகாம்பிரி, படம் வரையும் டக்ஸ் பெயின்ட் ஆகியவை உண்டு. தமிழ்99 விசைப்பலகையும் கிடைக்கும். இவற்றுக்குப் பணம் செலுத்த வேண்டியதில்லை.

குறைகளையும் அறிதல் வேண்டும். விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருள்களும் விளையாட்டுகளும் பல இதில் இயங்கா. சில அச்சுப்பொறிகளும் ஒத்துவாரா. வேலைக்கோ பாடத்திற்கோ அத்தகைய மென்பொருள் இன்றியமையாததாயின், மாற்றுமுன் நன்கு ஆராய்க. உடைந்த உறுப்பை எந்த இயங்குதளமும் சீர்செய்யாது என்பதையும் மறவாதீர்.

மாணவமணிகளே! விலை கொடுத்து வாங்கியவர் கருவிக்கு உடைமையாளர். அதன் உள்ளியல்பை அறிந்தவரே அதனை ஆள்பவர். ஆகவே, மூலையிலுள்ள கணினியைத் தூக்கி எறியுமுன் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். மீண்டும் அது இயங்கினால் பணம் மிஞ்சும். இயங்காவிடினும், கற்ற அறிவு உங்களிடமே எஞ்சும்.

பயிற்சி

1. இயங்குதளத்தின் பணிகள் மூன்றினைக் கூறுக.

2. பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்ப்பதற்கும் வன்தட்டில் நிறுவுவதற்கும் உள்ள வேறுபாடு யாது?

3. உங்கள் வீட்டுக் கணினியின் நினைவகம், வன்தட்டு ஆகியவற்றின் அளவைக் கண்டு குறிப்பேட்டில் எழுதுக. மின்ட் இயங்க அவை போதுமா என ஆராய்க.