கொழுப்பைப் பிரிக்கும் நொதியும் நோயின் போக்கும்

புற்றணுக்கள் கொழுப்பை உண்டு வளர்வதாகக் கேள்விப்பட்டு, நோயாளியின் உணவிலிருந்து நெய்யையும் எண்ணெயையும் அறவே நீக்கிவிடும் குடும்பங்களை நாம் காண்கிறோம். அன்பினால் செய்யப்படுவதுதான், ஆயினும் அதற்குரிய அறிவியலைச் சற்று விளக்க வேண்டியுள்ளது.

நாம் உண்ணும் கொழுப்பு, ட்ரைகிளிசரைடு என்னும் வடிவில் இரத்தத்தில் செல்கிறது. கொழுப்புத் திசுவும் தசைகளும் இதயமும் உண்டாக்கும் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி, நுண்குழாய்களின் உட்சுவரில் இருந்துகொண்டு அதனைக் கொழுப்பு அமிலங்களாகப் பிரிக்கிறது. நலமான பி லிம்போசைட்டுகளுக்கு இந்நொதியோடு பெரிய தொடர்பு ஏதுமில்லை.

முதியோரிடம் மிகுதியாகக் காணப்படும் சி.எல்.எல். நோயில் நிலைமை வேறு. (நிணநீர்க்கணுக்களில் தங்கும்போது இதுவே சிறு லிம்போசைட் லிம்போமா எனப்படுகிறது, இரண்டும் ஒரே நோய்தான்.) சிலருடைய நோயணுக்களில் இந்நொதிக்குரிய மரபணு செயல்படத் தொடங்கிவிடுகிறது. அத்தகையோருக்குப் பெரும்பாலும் நோய் விரைந்து முன்னேறுகிறது. சிகிச்சையும் முன்னதாகவே தேவைப்படுகிறது. ஐ.ஜி.எச்.வி. மரபணு மாற்றமடையாத நோயாளிகளிடமே இது மிகுதி. அவ்வகை நோய் கடுமையானது என்பதை 1999ஆம் ஆண்டிலேயே ஆய்வுகள் காட்டின. இன்றும் மருத்துவர்கள் முதன்மையாக நம்புவது ஐ.ஜி.எச்.வி., டி.பி.53 பரிசோதனைகளையே, நொதி அளவீடு வழக்கமான பரிசோதனை அன்று.

நொதி மிகுந்திருப்பதனால் மட்டுமே சிகிச்சையைத் தொடங்குவதில்லை. தொல்லை தரும் அறிகுறிகளோ இரத்த அணுக்குறைவோ இல்லாதவரை, கண்காணித்துக் காத்திருப்பதே முறை. மேலும், பி.டி.கே. தடுப்பு மாத்திரைகள் வந்தபின் இவ்விரு பிரிவினருக்கும் இடையிலான வேறுபாடு பெருமளவு குறைந்துள்ளது.

இந்நொதி நோயணுக்களுக்குள் அளக்கப்படுவது. கொலஸ்ட்ரால் பரிசோதனைத் தாளில் அதனைத் தேடிப் பயனில்லை. அறிக்கைகளில் அடிக்கடி தென்படும் எல்.டி.எச். வேறொரு நொதி, அது சர்க்கரையின் சிதைவோடு தொடர்புடையது. வேகமாக வளரும் லிம்போமாக்களில் விளைவைக் கணிக்க 1993இல் வகுக்கப்பட்ட குறியீட்டின் ஐந்து காரணிகளுள் அதுவும் ஒன்று. பெயர்கள் ஒத்திருப்பதால் குழப்பம் நேர்வது இயல்பே.

உணவில் எண்ணெயைக் குறைப்பதால் நோயணுவின் மரபணு அடங்கிவிடும் என்பதற்குச் சான்றில்லை. உடல் எடைதான் குறையும். எடை குறைவது நோயின் அறிகுறியாகவும் இருக்கலாமாகையால், பத்தியத்தால் இளைத்தாரா, நோயால் இளைத்தாரா என்று மருத்துவர் பிரித்தறிய இயலாமற் போகும். நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றுக்காக முன்பே கூறப்பட்ட உணவுக் கட்டுப்பாடுகள் தொடரட்டும். மற்றபடி வழக்கமான உணவையே கொடுங்கள். மாதம் ஒருமுறை எடையைக் குறித்து, அடுத்த வருகையின்போது கொண்டுவாருங்கள்.