புதுக் கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க் தெரியவில்லையா?



பார்ட்ஸ் எல்லாம் வாங்கி வந்து, அசெம்பிள் செய்து, சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, மானிட்டரில் படம் வருகிறது. ஹார்டு டிஸ்க்கை மட்டும் காணோம். உடனே "டிஸ்க் டெட்" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். நான் மாலை நேரத்தில் ஒரு சர்வீஸ் கடைக்குப் போகிறேன். "டெட்" என்று அங்கே வந்த டிஸ்க்குகளில் பல, கேபிளை மாற்றியதும் எழுந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

என் அப்பா விசைத்தறி ஓட்டுபவர். பள்ளிக்கூடப் பக்கம் அதிகம் போகாதவர். தறி நின்றால் மோட்டாரில் கை வைக்க மாட்டார். ஊடை நூல் அறுந்ததா, நாடாவில் நூல் தீர்ந்ததா என்றுதான் முதலில் பார்ப்பார். நாமும் அந்த வரிசையிலேயே போவோம்.

முதல் கேள்வி, பயாஸில் தெரிகிறதா? ஆன் செய்தவுடன் டெலிட் அல்லது எஃப்2 கீயைத் தட்டி (போர்டுக்கு போர்டு மாறும்) உள்ளே போய்ப் பாருங்கள். அங்கே டிஸ்க்கின் பெயர் இருந்தால் கோளாறு பெரும்பாலும் விண்டோஸ் பக்கம். அங்கேயே இல்லை என்றால் கேபினட்டைத் திறக்க வேண்டியதுதான். இதைப் பார்க்காமல் விண்டோஸை நாலு தடவை ஏற்றிக்கொண்டிருப்பவர்களைக் கண்டால் பாவமாக இருக்கிறது.

திறக்கும் முன் மெயின் வயரைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டில் பெயிண்ட் இல்லாத இரும்பை ஒருமுறை தொடுங்கள். சாட்டா டிஸ்க்குக்கு 7 பின் டேட்டா கேபிள் ஒன்று, 15 பின் பவர் கேபிள் ஒன்று. இரண்டையும் கழற்றி அழுத்தி மாட்டுங்கள். பிறகு ஆன் செய்து டிஸ்க்கின் மேல் விரல் வையுங்கள. லேசான அதிர்வு இருந்தால் பவர் வருகிறது. டேட்டா கேபிளை மாற்றுங்கள். அதிர்வே இல்லை என்றால் வேறு பவர் முனையில் மாட்டிப் பாருங்கள். எஸ்எஸ்டியில் இந்த வித்தை பலிக்காது, அதில் சுற்றுவதற்கு ஒன்றும் இல்லை. கேபிளைத் தனியாகக் கழற்றும் வகை எஸ்எம்பிஎஸ் என்றால் அதோடு வந்த கேபிளைத்தான் போட வேண்டும். வேறொன்றின் கேபிள் அச்சாகப் பொருந்தும், ஆனால் வயர் வரிசை மாறியிருந்தால் டிஸ்க் எரிந்தே போகலாம். சீனியர்கள் சொல்லும் மாஸ்டர், ஸ்லேவ் ஜம்பர் எல்லாம் 40 பின் ஐடிஇ காலத்துச் சங்கதி. வைவாவில் கேட்டால் மட்டும் சொல்லுங்கள்!

கேபிளும் பவரும் சரி, ஆனாலும் தெரியவில்லை. இங்கேதான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். எங்கள் ஊரில் கல்யாண ஆல்பம் செய்யும் அக்கா ஒருவர், சீட்டு எடுத்துப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினார். பழைய மெஷினில் இருந்த 2 டிபி டிஸ்க்கையும் அதில் மாட்டச் சொன்னார். எட்டு வருடத்து வேலை அதில் இருந்தது. இன்னும் டெலிவரி கொடுக்காத மூன்று கல்யாணமும் சேர்த்து. மாட்டியவர், "டிஸ்க் போயிடுச்சுங்க, ரெகவரிக்கு அனுப்பணும்" என்று சொல்லிவிட்டார். அக்கா எங்கள் கடைக்கு வரும்போது முகத்தில் ரத்தமே இல்லை. டிஸ்க்கைத் தொட்டால் சுற்றுகிறது. முதலாளி என்னிடம், "மதர்போர்டு புக்கை எடுத்துப் படிடா தம்பி" என்றார். இரண்டாவது எம்.2 ஸ்லாட்டில் எஸ்எஸ்டி போட்டால் சாட்டா 5, 6 போர்ட்டுகள் வேலை செய்யாது என்று சின்ன எழுத்தில் போட்டிருந்தது. எஸ்எஸ்டி இருந்தது அந்த ஸ்லாட்டில். டிஸ்க் மாட்டியிருந்தது 5-ல். கேபிளை 1-க்கு மாற்றினோம், அவ்வளவுதான். அக்கா ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து பார்த்த பிறகுதான் ஸ்டூலில் உட்கார்ந்தார். எல்லா போர்டிலும் இப்படி இல்லை. எந்த போர்ட் நிற்கும் என்பதும் மாடலுக்கு மாடல் மாறும். ஆகவே அந்தப் புத்தகத்தை அட்டைப்பெட்டியோடு எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

எம்.2 எஸ்எஸ்டியிலும் சாட்டா, என்விஎம்இ என்று இரு வகை உண்டு. பார்க்க ஒரே சாயல். என்விஎம்இ மட்டும் ஏற்கும் ஸ்லாட்டில் சாட்டா வகையைப் போட்டால் உட்காரும், தெரியாது.

பயாஸில் தெரிந்தும், விண்டோஸ் ஏற்றும்போது டிஸ்க் பட்டியல் காலியாக இருக்கிறதா? இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் பல மெஷின்களில் விஎம்டி என்ற அமைப்பு ஆனில் இருக்கும். இன்டெல்லின் ஆர்எஸ்டி டிரைவரைப் பென் டிரைவில் வைத்து "லோடு டிரைவர்" கொடுங்கள். அல்லது பயாஸில் விஎம்டியை ஆஃப் செய்யுங்கள்.

விண்டோஸ் ஏறிய பின் இரண்டாவது டிஸ்க்கைக் காணோம் என்றால் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். புத்தம் புது டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்து ஜிபிடி கொடுங்கள். எம்பிஆர் கொடுத்தால் 2 டிபிக்கு மேல் உள்ள இடம் பயன்படாது. பழைய டிஸ்க்காக இருந்து "இனிஷியலைஸ் செய்யவா, ஃபார்மட் செய்யவா" என்று கேட்டால் கேன்சல். கை பரபரக்கும், இருந்தாலும் கேன்சல். டிரைவ் லெட்டர் மட்டும் விட்டுப்போயிருந்தால் அதைக் கொடுத்தால் போதும். டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே பவரை நிறுத்துங்கள்.

இத்தனைக்கும் மசியவில்லை என்றால் வேறு கம்ப்யூட்டரில் மாட்டிப் பாருங்கள். அங்கே தெரிந்தால் சந்தேகம் உங்கள் போர்டின் மேல். அங்கேயும் இல்லை என்றால் வாரண்டிக்குக் கொடுக்கலாம். மாற்று டிஸ்க் தருவார்கள், உள்ளே இருந்த ஃபைல்களைத் தர மாட்டார்கள் என்பதைச் சொந்தக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கொடுக்கும் முன் டிஸ்க்கின் மேல் உள்ள சீரியல் நம்பரைக் குறித்துக்கொண்டு, பில்லையும் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.