இரணைதீவில் குடியிருக்கப் போகிறவருக்கு

கேள்வி: ஐயா, இரணைதீவில் அம்மாவின் வழியில் எனக்கு ஒரு தென்னங்காணி இருக்கிறது. 1992இல் இடம்பெயர்ந்தபோது நான் சின்னப் பெடியன். இப்போது வேலையை விட்டுவிட்டு மனைவியோடு அங்கேயே போய் இருக்க ஆசை. பக்கத்து வளவுகளில் ஆட்கள் இல்லை. ‘வெளிநாட்டுப் பணக்காரர் மாதிரி உனக்கும் ஒரு சொந்தத் தீவு’ என்று தம்பி பகிடி பண்ணுகிறான். முள்கம்பி வேலி, சோலார் கமரா, இரண்டு நாய் என்று திட்டம் போட்டிருக்கிறேன். பாதுகாப்புக்கு வேறென்ன செய்ய வேண்டும்?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: வேலி, கமரா, நாய் மூன்றும் கள்ளனுக்காக. எரிபொருள் விற்கிற விலையில் கடல் தாண்டி வந்து உங்கள் தேங்காயைக் களவெடுக்கிறவனுக்கு நட்டம்தான் மிஞ்சும். கமராவுக்கு வைத்திருக்கிற காசைக் கையிலேயே வைத்திருங்கள், வேறு செலவு இருக்கிறது.

அந்தத் தீவுக்கு வந்த ஆபத்துகளை யோசித்துப் பாருங்கள். சண்டையில் சனம் வெளிக்கிட்டது, பிறகு கடற்படை இருந்தது. 2017 மே 1ஆம் திகதி, இடம்பெயர்ந்த சனம் இருந்த கரையோர இரணைமாதாநகரில் தீவுக்குத் திரும்பக் கேட்டுப் போராட்டம் தொடங்கி, ஒரு வருசத்துக்குக் கிட்டக் காத்திருந்து, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி சனமே படகுகளில் ஏறித் தீவுக்குப் போய் இறங்கியது. 2021 மார்ச்சில், கொரோனாவால் இறந்தவர்களை அங்கே அடக்கம் செய்யப் போகிறோம் என்று அரசாங்கம் சொன்னபோதும் அதே சனம்தான் எதிர்த்து நின்றது. அடக்கம் ஓட்டமாவடிக்குப் போனது. இதில் எந்த இடத்தில் முள்கம்பி உதவியிருக்கும்? ஆகவே வீட்டைத் தனிக் காணியில் கட்டாதீர்கள். மற்றச் சனம் இருக்கிற பக்கத்தில், கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் கட்டிக்கொண்டு, தென்னங்காணிக்குப் பகலில் போய் வாருங்கள். மாதாநகரில் ஒரு அறையாவது கையில் இருக்கட்டும். தீவில் தொழில் செய்கிற குடும்பங்கள் பல இரண்டு கரையிலும் கால் வைத்துத்தான் இருக்கின்றன. அவர்களுக்குத் தெரியாததா?

இனிக் கடல். பங்குனி, சித்திரையில் போய்ப் பார்த்துவிட்டு ‘குளம் மாதிரிக் கிடக்குது’ என்று முடிவெடுக்கிறவர்கள் உண்டு. வைகாசி தாண்டிச் சோழகம் தொடங்கினால் அதே கடல் வேறு ஆள். ஆழம் குறைந்த கடலில் அலை நீளமாக எழும்பாது, குட்டையாய், கிட்டக் கிட்ட வந்து படகின் அணியத்தில் மோதும். கார்த்திகை, மார்கழி வாடையோடு புயலும் சேரும். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் வவுனியாப் பக்கத்தால்தான் போனது. 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரை ஏறி வன்னியைக் கடந்து மன்னார் வளைகுடாவில் இறங்கியது. எனவே கணக்கு இப்படி: படகு ஓடாத நாட்கள் தொடர்ந்து வரும் என்று வைத்து அரிசி, மருந்து, குடிதண்ணீர் எப்போதும் இரண்டு கிழமைக்குக் கையிருப்பில் வேண்டும். உங்களில் ஒருவருக்குப் பிரசரோ சீனியோ இருந்தால் மருந்து ஒரு மாதத்துக்கு. புயல் எச்சரிக்கை வந்தால் வீட்டுக்குக் காவல் இருக்க வேண்டாம், காற்று எழும்ப முன்னமே கரைக்கு வந்துவிடுங்கள்.

1990 என்ற இலக்கத்துக்கு எடுத்தால் வருகிற அம்புலன்ஸ் கரை வரைக்கும்தான். ஒருவருக்கு நெஞ்சுவலி என்றால் தீவிலிருந்து புறப்பட முன்னமே போன் எடுங்கள். படகு வந்து சேரும்போது வண்டி துறையில் நிற்க வேண்டும். கரை ஏறிய பிறகு எடுத்தால் கடலில் போன நேரத்தோடு வண்டிக்குக் காத்திருக்கிற நேரமும் சேர்ந்துவிடும். பற்றை மண்டிய வளவில் பாம்புக்கடி நினைவில் இருக்கட்டும்: கயிற்றால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். மோதிரம், காப்பைக் கழற்றி, கடிபட்ட காலையோ கையையோ அசைய விடாமல் ஆளைப் படகில் கிடத்திக் கொண்டுவாருங்கள். தரையில் பாய் போட்டுப் படுக்காதீர்கள். கட்டிலும், ஓரத்தை மெத்தைக்குக் கீழே செருகிய நுளம்பு வலையும் அந்த நாய்களைவிட நல்ல காவல். படகிலிருந்து இறங்கித் தண்ணீருக்குள் நடக்கும்போது காலைத் தூக்கி வைக்காமல் மண்ணை உரசி உரசி நடவுங்கள், மணலுக்குள் புதைந்து கிடக்கிற திருக்கை விலகிப் போகும். அப்படியும் குத்தினால், தோல் வேகாத அளவு சுடுதண்ணீரில், ஏறக்குறைய 45 பாகை, காலை வைத்திருந்தால் வலி நன்றாகக் குறையும். அதற்குப் பிறகு வைத்தியசாலை.

நான் அதிகம் பயப்படுவது உங்கள் கிணற்றுக்குத்தான். கால் நூற்றாண்டுக்கு மேல் பாவிக்காத கிணறு, போனவுடன் இறைத்துத் துப்புரவாக்கத்தான் கை துருதுருக்கும். இறங்காதீர்கள். அடியில் நச்சுக்காற்று தேங்கியிருக்கலாம், ஒட்சிசன் போதாமல் இருக்கலாம். மயங்கி விழுந்தவரைத் தூக்க இறங்குகிறவரும் மேலே வருவதில்லை. பெற்றோல் பம்பைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கி இயக்குவது அதைவிட மோசம், அந்தப் புகையிலுள்ள நச்சு வாயு மணமில்லாமலே ஆளைக் கொல்லும். பம்ப் மேலே நிற்கட்டும், குழாய் மட்டும் உள்ளே போகட்டும். இறங்கியே ஆகவேண்டுமென்றால் அந்த வேலை தெரிந்தவர்களை, இடுப்பில் கயிறும் மேலே பிடிக்க ஆட்களுமாக வைத்துச் செய்விக்க வேண்டும்.

தண்ணீர் ஊறிய பிறகும் பம்பால் அடித்து இறைக்க வேண்டாம். இப்படியான சின்னத் தீவில் மழைத்தண்ணீர் உப்புத்தண்ணீரின் மேல் மிதந்து கொண்டிருக்கிறது. நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடிக்கு இருக்கும் என்பது நிலத்தடிநீர் படித்தவர்களின் கணக்கு. மேலே ஒரு அடி குறைந்தால் கீழே உப்பு எவ்வளவு ஏறும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். வாளியால் அள்ளுங்கள், கூரையில் பீலி போட்டு மழைத்தண்ணீரைத் தாங்கியில் பிடியுங்கள். கமராக் காசு இதற்குத்தான்.

உயிர்காப்பு அங்கி அநேகமான படகுகளில் இருக்கிறது, அணியத்தில் கயிற்றுக்கும் வலைக்கும் அடியில் செருகியபடி. அங்கே கிடந்து பிரயோசனமில்லை, ஏறும்போதே போட்டுப் பட்டியை இறுக்குங்கள். படகு கவிழ்ந்தால் பிளாஸ்ரிக் படகு பெரும்பாலும் மிதக்கும். கரை கிட்டத் தெரிகிறதென்று நீந்தப் போகாமல் அதையே பிடித்திருங்கள். வெளிக்கிடும் நேரத்தையும் போய்ச் சேரும் நேரத்தையும் மாதாநகரில் ஒருவருக்குச் சொல்லிவிட்டு, சேர்ந்ததும் அவருக்கு அறிவியுங்கள். அறிவிப்பு வராவிட்டால் தேடச் சொல்வது அவர் பொறுப்பு.

உங்கள் மனைவிக்கு நீந்தத் தெரியுமா, அவருக்கும் இந்த ஆசை இருக்கிறதா என்று கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. இரண்டாவதை இன்றைக்கே கேளுங்கள். முதலாவதுக்குச் சோழகம் தொடங்க முன்னம் ஒரு ஏற்பாடு செய்யுங்கள்.